பாத்திரம் கழுவவா பள்ளிக்கூடம் அனுப்பினோம்?

செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 13 வயது. அறிவுசார் குறைபாடு, நடுத்தர நிலை என்று சான்றிதழில் போட்டிருக்கிறது. ஊர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. சிறப்பாசிரியர் வந்து, வாரத்தில் இரண்டு நாள் வட்டார வள மையத்துக்கு (வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையம்) அனுப்புங்கள், அன்றாட வாழ்க்கைத் திறன் பயிற்சி தருகிறோம் என்கிறார். வீட்டில் மாமியாருக்கு அதில் விருப்பமில்லை. "பாத்திரம் கழுவவும் கூட்டிப் பெருக்கவுமா பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினோம்? நாலு எழுத்துப் படிக்கட்டும்" என்கிறாராம். அனுப்பலாமா, படிப்பு போய்விடாதா, அங்கே உண்மையில் என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள், கூட்டல் கழித்தல் தெரியாதவன் கடைக்கு எப்படிப் போவான் என்பது இந்த அம்மாவின் கேள்வி.

அனுப்புங்கள் அம்மா. மதுரை மாவட்டத்தில் சிறப்பாசிரியராகப் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் தயக்கமில்லாமல் சொல்கிறேன். கூடவே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி மையத்திலேயே தொடங்கி மையத்திலேயே முடிந்துவிட்டால், கடைசியில் உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அங்கே பழகியதை உங்கள் வீட்டுக் கொல்லையில், உங்கள் தெருக் கடையில், நீங்கள் பக்கத்தில் நிற்காத நேரத்தில் அவன் செய்ய வேண்டும். அப்போதுதான் அது அவனுக்குக் கைவந்த திறன். அதனால் இந்தப் பயிற்சியில் பாதிப் பொறுப்பு உங்கள் வீட்டினுடையது.

முதலில் படிப்பு. எட்டாம் வகுப்பு வரை வந்த இப்படிப்பட்ட பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவார்கள். நோட்டு நிறைந்திருக்கும், டீச்சர் சிவப்பு மையில் டிக் அடித்திருப்பார். அதே பிள்ளையிடம் ஐந்து பெயர் எழுதிய தாளைக் கொடுத்து உன் பெயர் எங்கே என்று கேட்டால் தெரியாது. உங்கள் மகனிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். தன் பெயரை எடுத்துக் காட்டுகிறானா? அப்பாவின் போன் நம்பர் தெரிகிறதா? பேருந்துப் பலகையில் ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்கிறானா? 'ஆண்கள்', 'ஆபத்து' என்ற இரண்டு பலகையும் அவனுக்கு அடையாளம் தெரியுமா? தெரியவில்லை என்றால் அவனுக்கு வேண்டிய நாலு எழுத்து இவைதான். நல்ல வாழ்க்கைத் திறன் வகுப்பில் எழுத்தும் எண்ணும் கண்டிப்பாக இருக்கும், கடைக்கும் பஸ்ஸுக்கும் சமையலுக்கும் வேண்டிய அளவில் இருக்கும்.

அந்த இரண்டு நாளில் அவன் இழக்கக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. வகுப்புச் சேக்காளிகள். விளையாட்டு பீரியட் எந்த நாளில் வருகிறதோ அந்த நாளில் மையத்துக்கு வரச் சொல்லாதீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தெருவில் அவனைப் பார்த்ததும் பேர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருப்பது பெரிய பாதுகாப்பு.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அதைப் பக்கத்துப் பள்ளியில் பெறுவதா, சிறப்புப் பள்ளியில் பெறுவதா என்பது உங்கள் விருப்பம். ஆகவே மையத்துக்குப் போவதால் ஊர்ப் பள்ளியில் பெயர் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வட்டார வள மையமும் அங்கே வரும் சிறப்புப் பயிற்றுநரும் (உங்களிடம் பேசிய சிறப்பாசிரியர்தான்) இயன்முறை மருத்துவரும் 2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருகிறார்கள். அந்தத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்பதுதான் கணக்கு. ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எல்லாவற்றையும் அவரே செய்து முடிப்பார் என்று நீங்கள் காத்திருக்கக் கூடாது. என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்டு வாங்கி, மற்ற ஐந்து நாளும் நீங்கள் செய்ய வேண்டும்.

என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்றால், முதலில் சொல்லிக் கொடுக்கவே மாட்டார்கள், கணக்கெடுப்பார்கள். நம் ஊரில் இதற்கு அதிகம் பயன்படும் அளவுகோல்களில் ஒன்று சென்னையிலேயே உருவானது. மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்று பெயர், ஆசிரியர்கள் எம்.டி.பி.எஸ். என்பார்கள். 18 பிரிவு, பிரிவுக்கு 20 என்று மொத்தம் 360 செயல்கள். நடப்பது, கைவிரல் வேலை, சாப்பாடு, உடை, குளியல், கழிப்பறை, பேச்சைப் புரிந்துகொள்வது, பேசுவது, பழகுவது, படிப்பது, எழுதுவது, எண், நேரம், பணம், வீட்டு வேலை, ஊரில் போய் வருவது, பொழுதுபோக்கு, தொழில் என்று எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஒவ்வொரு செயலையும் பிள்ளை செய்கிறானா இல்லையா என்று குறிப்பார்கள். எளிதானது முதலில், கடினமானது பின்னால் என்று வரிசை இருக்கும். எந்த இடத்தில் நிற்கிறானோ அதற்கு அடுத்த படிதான் அவனுக்குப் பாடம். அதை வைத்து அவனுக்கென்று தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும். ஐ.இ.பி. என்பார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். "குளிப்பதில் முன்னேற்றம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். "வாளியில் தண்ணீர் இருந்தால், யாரும் சொல்லாமல், சோப்புப் போட்டுத் தலை தவிர உடம்பு முழுக்கக் குளிப்பான், மூன்று மாதத்தில்" என்று எழுதியிருந்தால் அது திட்டம்.

இப்போது எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதற்கு வருகிறேன். இதில்தான் வித்தையே இருக்கிறது. குளிப்பதையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. அவனுக்கு அது இருபது வேலை. துண்டையும் மாற்று உடையையும் எடுத்து வருவது, கதவைச் சாத்துவது, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது, மக்கில் தண்ணீர் மொள்வது, முதலில் காலில் ஊற்றுவது, அப்புறம் தோளில் ஊற்றுவது, சோப்பை எடுப்பது, இடது கை, வலது கை, கழுத்து, அக்குள் என்று தேய்ப்பது, சோப்பைத் திரும்ப டப்பாவில் வைப்பது. இப்படிப் படிகளாகப் பிரித்து எழுதுவதை டாஸ்க் அனாலிசிஸ் என்பார்கள். பேர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நீங்கள் ஒரு தடவை மெதுவாகச் செய்து பார்த்து, கை போகிற போக்கில் வரிசையாக எழுதினால் முடிந்தது. எழுதும்போதே பல விஷயம் தெரியவரும். அவனுக்குக் குளிக்கத் தெரியவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். பார்த்தால் வழுக்கும் சோப்பைப் பிடிக்க முடியாதது மட்டும்தான் அவன் பிரச்சினையாக இருக்கும். பழைய காலுறைக்குள் சோப்பைப் போட்டு முடிந்து கொடுத்தால் அன்றைக்கே பிடித்துவிடுவான்.

படிகளைக் கடைசியிலிருந்தும் சொல்லித் தரலாம். பல பிள்ளைகளுக்கு அதுதான் சுலபம். டிரவுசர் போடுவதைப் பாருங்கள். இரண்டு காலையும் நுழைத்து முழங்காலைத் தாண்டி இடுப்புக்குக் கொஞ்சம் கீழ்வரை நீங்கள் கொண்டு வந்துவிடுங்கள். கடைசி இழுப்பு மட்டும் அவனுடையது. இழுத்ததும் வேலை முடிந்துவிட்டது, "நானே போட்டேன்" என்ற நிறைவு அவனுக்குக் கிடைத்துவிட்டது. சில நாள் கழித்து முழங்காலில் விட்டுவிடுங்கள். அப்புறம் கணுக்காலில். முதல் படியிலிருந்து தொடங்கினால், காலை நுழைக்கவே திணறி, கடைசியில் நீங்களே பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துதான் முடியும்.

அடுத்தது நாம் கொடுக்கும் உதவி. கையைப் பிடித்துச் செய்ய வைப்பது ஒரு உதவி. தொட்டுக் காட்டுவது அதைவிடக் குறைந்த உதவி. கண்ணால் காட்டுவது இன்னும் குறைவு. வாயால் சொல்வது ரொம்பச் சின்ன உதவி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் விலக்குவதற்குக் கஷ்டமான உதவி அதுதான். "மக்கை எடு, ஊத்து, இன்னும் ஊத்து, சோப்பு எங்கே" என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தால், உங்கள் குரலும் அந்த வேலையில் ஒரு படியாகச் சேர்ந்துவிடும். குரல் நின்றால் பிள்ளையும் நின்றுவிடுவான். முப்பது வயதிலும் அம்மா வாசலில் நின்று சொன்னால்தான் குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். குரலுக்குப் பதிலாகப் படம் வையுங்கள். அவன் ஒவ்வொரு படியையும் செய்யும்போது முகமும் கையும் மட்டும் தெரிகிற மாதிரி போனில் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு, லேமினேட் செய்து குளியலறைச் சுவரில் அவன் கண் உயரத்துக்கு ஒட்டுங்கள். தடுமாறினால் வாயைத் திறக்காமல் படத்தைக் காட்டுங்கள். பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். அந்தப் பத்து எண்ணிக்கை ஒரு தாய்க்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் பழகியதை இன்னோர் இடத்துக்குக் கொண்டு போவது சிரமம். மையத்தில் குழாயைத் திருகிக் கை கழுவப் பழகியிருப்பான். உங்கள் வீட்டில் குழாய் இல்லை, சிமெண்ட் தொட்டியும் சொம்பும்தான் என்றால் அவனுக்கு அது புது வேலை. "அங்கே செய்கிறானாம், இங்கே அடம் பிடிக்கிறான்" என்று திட்டாதீர்கள், அது அடமில்லை. சிறப்புப் பயிற்றுநரை ஒரு தடவை வீட்டுக்கு வரச் சொல்லி, உங்கள் தொட்டி, உங்கள் அடுப்பு, உங்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் காட்டுங்கள். மையத்திலும் அதே மாதிரி சொம்பு, அதே மாதிரி தாழ்ப்பாள் வைத்துப் பழக்கச் சொல்லுங்கள்.

ஊர்ப் பள்ளியிலேயே இதற்கு எவ்வளவோ வாய்ப்பு இருக்கிறது. சத்துணவு நேரத்தைப் பாருங்கள். வரிசையில் நிற்பது, தன் தட்டைத் தானே எடுப்பது, சிந்தாமல் நடந்து வந்து உட்காருவது, போதும் என்று சொல்வது, தட்டைக் கழுவி வைப்பது எல்லாம் பாடம்தான். அவித்த முட்டையை உரிப்பது இருக்கிறதே, விரல் நுனிக்கு அதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. தட்டில் ஒரு தட்டு, ஓடு விரியும், கட்டை விரலால் மெல்ல நெம்ப வேண்டும், அழுத்தினால் மஞ்சள்கரு பிதுங்கும். அழுத்தம் எவ்வளவு என்று விரலுக்கு முட்டையே சொல்லிக் கொடுக்கும், உரித்ததும் சாப்பிடலாம். இதை விட்டுவிட்டு 13 வயதுப் பையனுக்கு மணி கோக்கிற பலகையையும் பால்வாடிப் பாட்டையும் கொடுக்கும் மையங்கள் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. அவன் வயதுக்கேற்ற பொருள், அவன் வயதுக்கேற்ற வேலை வேண்டும். மீசை முளைக்கிற பிள்ளைக்கு 'கை வீசம்மா' பாடினால் பார்க்கிறவர்களும் அவனைக் குழந்தையாகவேதான் நடத்துவார்கள்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூட்டல் கழித்தல் தெரியாதவனுக்குக் கடை எப்படி என்று. வழி இருக்கிறது. பத்து ரூபாய்த் தாள்களை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். கடைக்காரர் "முப்பத்து நாலு" என்றால், முப்பது என்ற சொல்லைக் கேட்டு மூன்று தாள் எண்ண வேண்டும், மேலே ஒன்று சேர்த்து நான்காகக் கொடுக்க வேண்டும். எந்த விலைக்கும் இதே முறைதான்: சொன்ன பத்துக்கு மேல் ஒரு தாள். மீதி சரியா என்று பார்க்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மீதிக்குக் கை நீட்டி நிற்கத் தெரிய வேண்டும். அதிகம் போனாலும் பத்து ரூபாய்க்குள்தான் நஷ்டம். உங்கள் தெரு மளிகைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் அனுப்புகிறேன், அவன் கேட்கும் வரை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள், என்ன வேண்டும் என்று அவனையே கேளுங்கள் என்று சொல்லுங்கள். நம் ஊர்க் கடைக்காரர்கள் இரக்கப்பட்டுக் கையில் ஒரு மிட்டாயும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்கி வரும் பொருளில் அவனுக்குப் பிடித்தது ஒன்று இருக்கட்டும்.

பஸ் பயணத்துக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். ஆனால் தயாரிப்பை இப்போதே தொடங்கலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. அடையாள அட்டையை அவனே எடுத்துக் கண்டக்டரிடம் காட்டட்டும், நீங்கள் காட்டாதீர்கள். உங்கள் ஊர் பஸ்ஸின் எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து, பெரியார் பஸ் நிலையத்தில் வருகிற பஸ்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பஸ்ஸின் நிறத்தை அடையாளமாகச் சொல்லித் தர வேண்டாம், அது மாறும். வழி தவறினால் யாரிடம் போக வேண்டும் என்பதை வெறும் வாயால் சொன்னால் பதியாது. காக்கி உடுப்புப் போட்டவரிடம் போய் சட்டைப் பையில் இருக்கும் அட்டையை எடுத்துக் காட்டுவதை நடித்துப் பழக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும்.

13 வயது என்பதால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உடம்பு வளர்கிறது. கதவைச் சாத்திக்கொண்டுதான் உடை மாற்ற வேண்டும் என்பது, உள்ளாடை மறைக்கும் இடங்களை மற்றவர் தொடக் கூடாது என்பது, யாராவது தொட்டால் "வேண்டாம்" என்று கத்திவிட்டு அம்மாவிடம் வந்து சொல்ல வேண்டும் என்பது இப்போதே பழக வேண்டிய பாடங்கள். இத்தனை வயதுக்குப் பிறகும் முற்றத்தில் நிறுத்திக் குளிப்பாட்டினால், தன் உடம்பு தனக்குரியது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெரியவர்கள் சொன்னதை எல்லாம் கேள் என்றுதான் இந்தப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். தப்பான ஆள் சொன்னாலும் கேட்பார்கள். அதனால் மறுக்கவும் பழக்க வேண்டும். சாம்பாரா ரசமா, நீலச் சட்டையா கோடு போட்ட சட்டையா என்று தினமும் கேட்டு, அவன் சொன்னதையே கொடுத்தால், வேண்டாம் என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று அவனுக்குப் புரியும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது, ஆனால் நடந்ததை வீட்டில் வந்து சொல்ல அவனுக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கே வேலை. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், மாதவிடாய் வருவதற்கு முன்பே நாப்கின் ஒட்டுவதையும் கழற்றித் தாளில் சுற்றிப் போடுவதையும் பழக்கிவிடுங்கள். முதல் நாள் ரத்தத்தைப் பார்த்துப் பயந்திருக்கும்போது எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

எல்லாக் குறைபாட்டுக்கும் ஒரே பாடம் கிடையாது. பார்வையில்லாத பிள்ளைக்குக் கைத்தடியோடு நடப்பதும், ரூபாய்த் தாள்களை நீளம் பார்த்துப் பிரிப்பதும், அடுப்புச் சூட்டைக் கையால் தொடாமல் அறிவதும் முதலில் வரும். அழகர்கோவில் சாலையில் சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, பார்வையிழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கியது. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளையின் பெற்றோர் ஒரு தடவை அங்கே போய்க் கேட்டு வர வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் கரண்டிக் காம்பில் சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்கினாலே பிடிக்க வரும். கையே ஒத்துழைக்காத பிள்ளை என்றால் மற்றவரிடம் சொல்லித் தன் வேலையைச் செய்வித்துக்கொள்ளப் பழக வேண்டும். தலையை எந்தப் பக்கம் வாருவது, எந்தச் சட்டை, எப்போது தண்ணீர் என்று உத்தரவு போடத் தெரிந்தவர் சுதந்திரமானவர்தான்.

இனி மாமியாரின் கேள்வி. பாத்திரம் கழுவுவதா? அவன் சாப்பிட்ட தட்டை அவன் கழுவுவது பயிற்சி. கழுவப் பழகிவிட்ட பிறகும் தினமும் எல்லோர் தட்டையும் அவனே கழுவுகிறான் என்றால் அது பயிற்சியில்லை, கூலியில்லாத வேலை. சில இடங்களில் வாழ்க்கைத் திறன் என்ற பெயரில் வகுப்பறை கூட்டவும் மேசை துடைக்கவும் இந்தப் பிள்ளைகளையே விடுகிறார்கள். நீங்கள் சொல்லாமல் ஒருநாள் மையத்துக்குப் போய்ப் பாருங்கள். என்ன வேலை, அதில் எந்தப் படியில் நிற்கிறான், அடுத்த படி எது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் நல்ல மையம். "நல்லா ஹெல்ப் பண்றான்மா" என்று மட்டும் பதில் வந்தால் மையத்தின் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இந்த விளக்கத்தை மாமியாரிடமும் சொல்லுங்கள். பேரனைத் தாழ்த்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவர் பேசுகிறார். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் உரிக்க, கீரை ஆய, பூக் கட்டப் பாட்டியைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைக்க மாட்டார். சோறு ஊட்டுவதை மட்டும் அவர் நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் பாசத்தால் ஊட்டி ஊட்டியே, தானாகச் சாப்பிடக்கூடிய எத்தனையோ பிள்ளைகளின் கை சும்மா கிடக்கிறது.

தொழில் பயிற்சி 14, 15 வயதில் தொடங்குவது நல்லது. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மெழுகுவர்த்தி, வாழ்த்து அட்டை, காகிதப் பை என்று எங்கே பார்த்தாலும் ஒரே பட்டியல். டிசம்பர் 3ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் தினக் கண்காட்சியில் மேசை மேல் அழகாக இருக்கும், அதற்குப் பிறகு வாங்க ஆள் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் என்ன வேலை ஓடுகிறதோ அதைப் பழக்க வேண்டும். மதுரையைச் சுற்றி அப்பளக் கம்பெனிகள் இருக்கின்றன, மாட்டுத்தாவணியில் பூ மார்க்கெட் இருக்கிறது, நாற்றுப் பண்ணைகள் இருக்கின்றன, ஊர் ஊருக்கு இட்லிக் கடை இருக்கிறது. எண்ணத் தெரியாதவனும் எண்ணிப் போடும் வேலையைச் செய்யலாம். ஊதுபத்தி பாக்கெட் போட வேண்டுமா, பத்துப் பள்ளம் வெட்டிய ஒரு பலகை செய்து கொடுங்கள். பள்ளத்துக்கு ஒரு பத்தி. எல்லாப் பள்ளமும் நிறைந்தால் அள்ளிக் கவரில் போட வேண்டும். எண் தெரியவில்லை, எண்ணிக்கை தப்பவில்லை. மல்லிகை கட்டுவது எல்லோருக்கும் வராது, விரல் மிக நுணுக்கமாக ஓட வேண்டும். ஆனால் பூத்துவிட்ட மொட்டைத் தனியே பொறுக்கிப் போட, நாரை நனைத்துக் கிழித்து வைக்க நிறையப் பேருக்கு வரும். தொழிலில் கைவேலையைவிட முக்கியமானது நேரத்துக்கு வருவது, சொல்லாமல் எழுந்து போகாமல் இருப்பது, முடிந்ததும் "முடிந்தது, அடுத்து என்ன" என்று கேட்பது. இதை எல்லாம் இப்போதே வீட்டில் பழக்கலாம். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்கள் இருக்கும் பிரிவுக்கு 1 சதவீதம் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் பள்ளியை விட்ட பிறகு என்ன என்பதற்கான திட்டத்தைப் பிள்ளைக்கு 16 வயது ஆவதற்குள் பள்ளியே எழுதியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே அதை நீங்கள்தான் கேட்டு எழுத வைக்க வேண்டும்.

18 வயதை இப்போதே மனதில் வையுங்கள். அந்த வயதோடு பள்ளிக் கல்வி உரிமை முடிகிறது. அதற்குப் பிறகு பெற்றோர் என்பதாலேயே அவனுக்குச் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர் குழுவில் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், அதற்கு 18 வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்காமல் இருந்தால், கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் அவன் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அலைச்சலில் பாதி இதனால்தான் வருகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சிறப்புப் பயிற்றுநரிடம் சரி என்று சொல்லுங்கள், விளையாட்டு பீரியட் இல்லாத இரண்டு நாளைக் கேளுங்கள், ஐ.இ.பி. நகல் கேளுங்கள். மையத்துக்குப் போய்வரப் பயணப்படியும் துணைக்குப் போகிறவருக்கு வழித்துணைப்படியும் திட்டத்தில் உண்டு, அதற்கான படிவத்தையும் அவரிடமே வாங்குங்கள். வீட்டில் ஒரே ஒரு வேலையை எடுங்கள், குளியலையே எடுக்கலாம். படிகளை எழுதி, எந்தப் படி தானாக வருகிறது, எதற்குக் கை பிடிக்க வேண்டியிருக்கிறது என்று தினமும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாள்களைப் பார்த்து, எங்கே நிற்கிறான் என்று எழுதுங்கள். அடுத்த படிக்கு என்ன செய்வது என்று அதை வைத்துப் பேசுவோம்.